கடலுக்கு முதுகு காட்டினால் சான் டியாகோ

கலிஃபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கிறது சான் டியாகோ. மாவட்டம் முழுவதையும் கணக்கெடுத்தால் பீர் காய்ச்சும் ப்ரூவரிகள் மட்டும் நூற்றைத் தாண்டும். அமெரிக்காவில் கிராஃப்ட் பீர் பற்றிப் பேச்செடுத்தால் முதல் நான்கைந்து ஊர்களில் இதன் பெயர் வந்துவிடும். அப்படிப்பட்ட ஊரின் கடற்கரை மணலில் உட்கார்ந்து ஒரு கேன் பீரைத் திறந்தால் அபராதம்! 2007-ஆம் ஆண்டு தொழிலாளர் தின விடுமுறையில், பசிஃபிக் பீச் பகுதியில் குடித்துக் கொண்டிருந்த கூட்டத்துக்கும் போலீசுக்கும் பெரிய கலவரமாகிவிட்டது. மறு ஆண்டு நகர மக்களே வாக்குப் போட்டு, கடற்கரையில் மதுவே கூடாது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் லா ஹோயா குகைகள், கொரொனாடோ ஹோட்டல், மிதிவண்டி ஓடும் கடற்கரை நடைபாதை என்று கடலோரத்தையே சுற்றிவிட்டுப் போகிறார்கள். அவை அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஊரின் நல்ல பீர் கிடைப்பது மிராமார் விமானத் தளத்துக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில். நல்ல சாப்பாடு கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருக்கும் சின்னக் கடைகளில். நல்ல நடை, பாதி நேரம் கடல் கண்ணிலேயே படாத பள்ளத்தாக்குகளில். கடலுக்குக் கொஞ்சம் முதுகு காட்டினால்தான் சான் டியாகோ முகம் காட்டும்.

ஜெட் சத்தத்தில் ஒரு கிளாஸ்

மிராமார் என்றதும் பலருக்கு 1986-இல் வந்த ‘டாப் கன்’ படம் நினைவுக்கு வரும். அந்தப் படத்தில் வரும் போர் விமானிகள் பள்ளி 1996 வரை அங்கேதான் இருந்தது. பள்ளி நெவாடாவுக்குப் போய்விட்டது. தளம் இப்போது மரைன் படையிடம் இருக்கிறது. தளத்தை ஒட்டிய தெருக்களில் டைல்ஸ் கிடங்கு, கார் பட்டறை, அவற்றுக்கு நடுவே ஒரு ப்ரூவரி, இரண்டு கதவு தள்ளி இன்னொன்று. உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ‘பீராமார்’ என்கிறார்கள்.

ஏன் தொழிற்பேட்டை? பீர் காய்ச்ச உயரமான கூரை வேண்டும், தரையில் பெரிய வடிகால் வேண்டும், லாரி வந்து நிற்க இடம் வேண்டும். வாடகையும் கட்டுப்படியாக வேண்டும். இவையெல்லாம் கடற்கரைத் தெருவில் ஒன்றாகக் கிடைக்காது. கலிஃபோர்னியச் சட்டமும் கை கொடுத்தது. பீர் தயாரிப்பவர் அதே இடத்தில் ஊற்றி விற்கலாம். சமையலறை வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே ப்ரூவரிக்குள் பீர், வாசலில் ஃபுட் டிரக். இன்றைக்கு எந்த டிரக் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் பலர் எந்த ப்ரூவரிக்குப் போவது என்றே முடிவு செய்கிறார்கள்.

கதை 1989-இல் தொடங்குகிறது. கிறிஸ் கிரேமர், மேட் ராட்னர் என்ற இரண்டு கல்லூரி நண்பர்கள் நகர மையத்தில் கொலம்பியா தெருவில் ஒரு ப்ரூ பப் திறந்தார்கள். பீர் காய்ச்சத் தெரிந்தவர், கிரேமரின் உறவினர் கார்ல் ஸ்ட்ராஸ். ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி 1939-இல் அமெரிக்கா வந்து, பாப்ஸ்ட் நிறுவனத்தில் பல்லாண்டு பீர் காய்ச்சியவர். கடைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வடக்கே சொலானா பீச்சில் வின்ஸ், ஜீனா மார்சாலியா என்ற அண்ணன் தங்கை 1987-இல் ஒரு பீட்சா கடையை வாங்கியிருந்தார்கள்; 1992 முதல் அங்கேயே காய்ச்சிய பீரையும் விற்கத் தொடங்கினார்கள். அதுதான் பீட்சா போர்ட்.

அதே 1992-இல் ஜாக் வைட் என்பவர் லிண்டா விஸ்டா சாலையில் ஹோம் ப்ரூ மார்ட் என்ற கடையைத் திறந்தார். வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், பாத்திரம் விற்கும் கடை. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவதே 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகுதான் அனுமதிக்கப்பட்டது. அந்தக் கடையின் பின்கட்டில் 1996-இல் முளைத்தது பேலஸ்ட் பாயின்ட். அதன் ‘ஸ்கல்பின்’ ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்ற பீர் வகை) நாடெங்கும் பரவியது. 1995-இல், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் படித்த கிறிஸ் வைட் என்ற உயிர்வேதியியல் முனைவர், ஈஸ்ட் வளர்த்து விற்க வைட் லேப்ஸ் ஆரம்பித்தார். பொருள் விற்கும் கடை, ஈஸ்ட் வளர்க்கும் ஆய்வகம், ஒருவர் காய்ச்சியதை இன்னொருவர் குடித்துக் குறை சொல்லும் க்வாஃப் என்ற சங்கம் மூன்றும் ஓர் ஊரில் அமைந்தன. அந்தச் சங்கத்தில் கற்றுக்கொண்டு தொழிலுக்கு வந்தவர்கள் பலர்.

இந்த ஊரின் அடையாளம் வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ. வெளிர் நிறம், ஒட்டாத உலர்ந்த சுவை, இனிப்பு தலைகாட்டாத மால்ட், அதன்மேல் பைன் பிசின், சாத்துக்குடித் தோல் போல மணக்கும் ஹாப்ஸ். கசப்பு நாக்கின் பின்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இறங்காது. ஹாப்ஸ் இங்கே அதிகம் விளைவதில்லை. பெரும்பாலும் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. சான் டியாகோ மாவட்டத்துக்குச் சற்று வடக்கே டெமெக்யூலாவில் ‘பிளைண்ட் பிக்’ என்ற ப்ரூவரி நடத்திய வின்னி சிலுர்சோ, 1994-இல் ஹாப்ஸை இரட்டிப்பாக்கிக் காய்ச்சியதைத்தான் வணிகத்துக்கு வந்த முதல் டபுள் ஐபிஏ என்று பீர் வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். டபுள் ஐபிஏ என்றால் பெரும்பாலும் 8 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். முதல் முறை போகிறவர்கள் முழு கிளாஸ் கேட்காமல், 120 மில்லி அளவுள்ள டேஸ்டர்கள் நான்கு வாங்கி ருசி பார்ப்பது உத்தமம்.

மிராமாரில் ஒரே ஓர் இடம்தான் என்றால் ஏல்ஸ்மித். 1995-இல் தொடங்கியது. கறுத்து, காபி கலந்து, 12 சதவீதம் வரை ஏறும் அதன் ‘ஸ்பீட்வே ஸ்டவுட்’ பிரியர்கள் தேடி வரும் சரக்கு. ஆனால் ஊருக்கு நெருக்கமானது ‘பாயின்ட் 394’ என்ற இலகுவான பேல் ஏல். சான் டியாகோ பாட்ரேஸ் பேஸ்பால் அணியின் டோனி க்வின் 1994 பருவத்தில் எடுத்த பேட்டிங் சராசரி அந்த எண். வேலைநிறுத்தத்தால் பருவம் பாதியில் நின்றுபோனது. நடந்திருந்தால் 400-ஐத் தொட்டிருப்பாரா என்று இன்றைக்கும் கிளாஸைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

எல்லாம் ஏறுமுகம் என்று நினைத்துவிட வேண்டாம். பேலஸ்ட் பாயின்டை 2015-இல் கான்ஸ்டலேஷன் நிறுவனம் 100 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நான்கே ஆண்டில், இல்லினாயிலிருந்த ஒரு குட்டி ப்ரூவரிக் குழுவிடம் கைமாற்றிவிட்டது. 1996-இல் பிறந்து, பெரிய நிறுவனங்களைக் கிண்டலடித்தே வளர்ந்த ஸ்டோன் ப்ரூயிங்கை 2022-இல் ஜப்பானின் சப்போரோ வாங்கியது. மூடிய டேப்ரூம்களும், அதாவது ப்ரூவரிகளின் குடியறைகளும், நிறைய. ஆகவே பழைய பட்டியலை நம்பிக் கிளம்பாமல், கடை இன்னும் திறந்திருக்கிறதா என்று அன்று காலையில் பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீர் வந்த வழி

இவ்வளவு பீர் காய்ச்சும் ஊரில் தண்ணீர் கிடையாது என்பது வேடிக்கை. ஆண்டு மழை சுமார் 250 மில்லிமீட்டர்; சென்னையில் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. குடிநீரில் பெரும்பகுதி கொலராடோ ஆற்றிலிருந்து பாலைவனம் தாண்டி வருகிறது. வழியெல்லாம் தாது உப்பைச் சுமந்து வரும் கடினநீர் அது. பல ப்ரூவரிகள் அதை எதிர்ச்சவ்வூடு முறையில் வடிகட்டி, தேவையான உப்பைத் திரும்பச் சேர்த்துத்தான் காய்ச்சுகின்றன. கார்ல்ஸ்பாடில் 2015 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் ஓடுகிறது.

அடுத்த படிதான் துணிச்சலானது. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் ‘பியூர் வாட்டர்’ திட்டத்தை நகராட்சி கையிலெடுத்தபோது ஜனங்கள் முகம் சுளித்தார்கள். 2017-இல் ஸ்டோன் ப்ரூயிங் அந்தத் தண்ணீரிலேயே ‘ஃபுல் சர்க்கிள்’ என்று ஒரு பேல் ஏல் காய்ச்சி ஊற்றியது. பெயரிலேயே விஷயம் இருந்தது. மேயர் வந்து குடித்துக் காட்டினார்.

சூரை போன பிறகு

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சான் டியாகோவுக்கு ‘உலகின் சூரைத் தலைநகர்’ என்று பெயர். பாயின்ட் லோமாவில் போர்த்துகீசியக் குடும்பங்கள், இன்றைக்கு லிட்டில் இத்தாலி எனப்படும் பகுதியில் இத்தாலியக் குடும்பங்கள், கூடவே ஜப்பானிய மீனவர்கள் என்று துறைமுகம் முழுக்கச் சூரைப் படகுகள், கரையில் டின்னில் அடைக்கும் ஆலைகள். 1980களின் முற்பாதியில் ஆலைகள் வரிசையாக மூடின. தொழில் பசிஃபிக் தீவுகளுக்கும் ஆசியாவுக்கும் போனது. லிட்டில் இத்தாலியில் இப்போது இருப்பது உணவகங்கள். மீனவர் தெரு அல்ல.

படகுகள் அடியோடு போய்விடவில்லை. சனிக்கிழமை காலை துறைமுகத்தில் டூனா ஹார்பர் டாக்சைட் மார்க்கெட் கூடுகிறது. 2014-இல் தொடங்கிய இந்தச் சந்தையில் பிடித்தவரே நின்று விற்கிறார். மீனைச் சுத்தம் செய்து கொடுக்க அப்போது சட்டம் இடம் தரவில்லை. இதைப் போன்ற மீனவர் சந்தைகளுக்காகக் கலிஃபோர்னியா 2015-இல் தனிச் சட்டம் போட்டது. பாறை மீன், கடல் அர்ச்சின், அக்டோபர் முதல் மார்ச் வரை கொடுக்கு இல்லாத சிங்கி இறால் என்று நம்மூர் மீன் அங்காடி பார்த்துப் பழகியவர்களுக்கு அங்கே பேரம் பேசக் கை பரபரக்கும். சமைக்க வசதியில்லாதவர்கள் 1963 முதல் இருக்கும் பாயின்ட் லோமா சீஃபுட்ஸுக்குப் போகலாம். கவுன்டரில் வரிசையில் நின்று, புளித்த மாவு ரொட்டிக்குள் பொரித்த மீன் வைத்த சாண்ட்விச் வாங்கிக்கொண்டு, தூண்டில் படகுகள் கிளம்புவதைப் பார்த்தபடி சாப்பிட வேண்டும்.

மீன் டாக்கோ இந்த ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. எல்லைக்கு அப்பால் பாஹா கலிஃபோர்னியாவின் கரையோர வண்டிக்கடைகளின் சாப்பாடு. சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழக மாணவராக இருந்த ரால்ஃப் ரூபியோ, விடுமுறைக்குப் போன சான் ஃபெலிப்பேயில் அதைச் சாப்பிட்டு மயங்கி, கடைக்காரரிடம் பக்குவம் கேட்டு எழுதி வந்தார். 1983-இல் மிஷன் பே பக்கம் ஒரு சின்ன இடத்தில் கடை போட்டார். மாவில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டு, சோள டோர்ட்டியா, நறுக்கிய முட்டைக்கோஸ், வெள்ளை சாஸ், பிழிய எலுமிச்சை. அவ்வளவுதான். கடை பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகளாக விரிந்து, பின்னால் கடனில் மாட்டிப் பலவற்றை மூடியது. பதார்த்தம் மட்டும் ஊரோடு தங்கிவிட்டது.

இன்னொரு குடும்பக் கதை ராபர்டோஸ். ராபர்டோ, டொலோரெஸ் ரொப்லேடோ தம்பதி 1964-இல் எல்லையோர சான் இசிட்ரோவில் டோர்ட்டியா தயாரிப்பில் தொடங்கி, டாக்கோ கடைகளுக்கு வந்தார்கள். கடை ஓடியதைப் பார்த்து ஆல்பர்டோஸ், ரிகோபர்டோஸ், ஃபிலிபர்டோஸ் என்று ‘பர்டோ’வில் முடியும் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. நம் ஊர்களில் யார் யாரோ நடத்தும் சைவ ஹோட்டல்களுக்கெல்லாம் ‘உடுப்பி’ என்று பெயர் இருப்பதைப் போலத்தான். பல கடைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். அங்கே கேட்க வேண்டியது கலிஃபோர்னியா புரிட்டோ: சுட்ட மாட்டிறைச்சி, சீஸ், அவற்றோடு உருளைக்கிழங்கு வறுவலையும் உள்ளேயே வைத்துச் சுருட்டித் தருவார்கள். இதை முதலில் சுருட்டியது யார் என்பதற்கு உரிமை கொண்டாடுகிறவர்கள் பலர். சைவர்கள் பீன்ஸ்-சீஸ் புரிட்டோ கேட்பதற்கு முன், பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்களா என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது. பழைய முறைச் சமையலில் சேர்ப்பதுண்டு.

மெக்சிகோவுக்கு அடுத்தபடி ஆசியா. கியர்னி மெசா பகுதியின் கான்வாய் தெருவில் கொரிய நெருப்புச் சட்டி, வியட்நாமிய ஃபோ, ஜப்பானிய ராமென், சீனக் கொழுக்கட்டை எல்லாம் அடுத்தடுத்த கதவுகள். தெரு பார்க்க ஒன்றுமே இல்லை. கார் நிறுத்த இடம் கிடைப்பதுதான் சண்டை. மிராமாருக்குப் பக்கத்திலேயே பிளாக் மவுண்டன் சாலையில் இந்திய மளிகையும் இட்லி தோசையும் கிடைக்கும். இங்கே 1985-இல் பிறந்த குவால்காம் நிறுவனத்தில் வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்கள் இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஐபிஏ-வின் கசப்புக்கு மசால் தோசை பொருந்துமா என்ற ஆராய்ச்சியைப் பலர் சத்தமில்லாமல் நடத்தி முடித்திருப்பார்கள்.

மேலே ஏறு, மேகம் பார்

நடப்பதற்கு மூன்று இடங்கள், மூன்று குணங்கள்.

டோரி பைன்ஸ் காப்புக்காடு கடலோரம்தான். கடலுக்கு முதுகு காட்டாமல் பார்க்கக்கூடிய ஒன்று. மணற்பாறை மேட்டில் காற்றுக்கு வளைந்து நிற்கும் டோரி பைன் மரம், அமெரிக்காவின் மிக அரிய பைன்களில் ஒன்று. உலகிலேயே இங்கும், சான்டா ரோசா தீவிலும் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. கை ஃபிளெமிங் பாதை ஒரு கிலோமீட்டர் வட்டம், குழந்தைகளும் நடக்கலாம். பீச் டிரெய்ல் கடல் மணல் வரை இறங்கும். பாதையில் தண்ணீர் தவிர வேறெதுவும் தின்னக் குடிக்கக் கூடாது. கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கினால் மணல் வழியே நுழைவாயிலுக்குத் திரும்பிவிடலாம். கடல் ஏறும் நேரத்தில் அலை பாறையில் வந்து மோதி வழியை அடைத்துவிடும். செங்குத்துப் பாறையின் அடியில் நிழல் தேடி உட்காரவே கூடாது. 2019-இல் வடக்கே என்சினிடாஸ் கடற்கரையில் பாறை சரிந்து மூவர் இறந்தார்கள்.

கோல்ஸ் மலை நகர எல்லைக்குள் மிக உயரமான இடம், 486 மீட்டர். கோல்ஃப்கிரெஸ்ட் சாலைப் பக்கத்திலிருந்து ஏறினால் ஒரு வழி 2.4 கிலோமீட்டர். நிழல் என்ற பேச்சே கிடையாது. விடியலில் ஏறுகிறவர்கள் புத்திசாலிகள். உச்சியில் ஒருபுறம் பசிஃபிக், மறுபுறம் உள்நாட்டு மலைகள், தெளிந்த நாளில் தெற்கே மெக்சிகோ. இது பூர்வகுடிகளான குமியாய் மக்களின் மண். குளிர்காலச் சூரியத் திருப்பத்தை அவர்கள் இங்கிருந்து கவனித்திருக்கிறார்கள். மலையைச் சேர்ந்த மிஷன் டிரெய்ல்ஸ் பூங்காவில் 1810களில் எழுப்பிய பழைய அணை இன்னும் நிற்கிறது. ஸ்பானியப் பாதிரிகளின் மிஷனுக்காக அதைக் கட்டிய உழைப்பு குமியாய் மக்களுடையது. அணைக்கரையில் ஆற்று மர நிழல் உண்டு. மலை இறங்கி வந்தவர்கள் அங்கே போய் மூச்சு வாங்கலாம். வெயில் ஏறும் மாதங்களில் பாதையில் ராட்டில் பாம்பு படுத்திருக்கும். கிலுகிலுவென்று சத்தம் கேட்டால் நின்ற இடத்திலிருந்து மெதுவாகப் பின்வாங்க வேண்டும்.

மூன்றாவது கப்ரியோ நினைவிடம், பாயின்ட் லோமா முனை. 1542-இல் ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டிய கப்ரியோ கரையிறங்கிய விரிகுடா கீழே தெரியும். அங்கிருக்கும் பழைய கலங்கரை விளக்கத்தின் கதை சுவையானது. 1855-இல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 129 மீட்டர் உயரத்தில் விளக்கேற்றினார்கள். ‘எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் தெரியும்!’ என்றுதான் கணக்கு. ஆனால் இந்தக் கரையில் மேகம் தாழத் தொங்கும்; விளக்கு மேகத்துக்கு மேலே எரிந்து கொண்டிருக்க, கீழே மாலுமிகள் இருட்டில் தடுமாறினார்கள். 1891-இல் அதை அணைத்துவிட்டு, அடிவாரத்தில் புதிது கட்டினார்கள். பழைய கலங்கரை விளக்கத்திலிருந்து விரிகுடாப் பக்கம் இறங்கும் பேசைட் டிரெய்ல் போய்வர 4 கிலோமீட்டர். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை சாம்பல் திமிங்கலங்கள் அலாஸ்காவிலிருந்து பாஹா நோக்கிப் போவதை முனையிலிருந்தே பார்க்கலாம்.

அந்தத் தாழ்ந்த மேகம்தான் பயணத் தேதியையும் முடிவு செய்கிறது. மே, ஜூன் மாதங்களில் கடலோரம் மதியம் வரை சாம்பல் போர்வைக்குள் கிடக்கும். உள்ளூரில் ‘மே கிரே, ஜூன் குளூம்’ என்பார்கள். அதே நேரம் பத்து, பதினைந்து கிலோமீட்டர் உள்ளே வெயில் அடிக்கும். செப்டம்பர், அக்டோபரில் கடல் வெதுவெதுப்பு, வானம் தெளிவு. பாலைவனத்திலிருந்து சான்டா ஆனா காற்று கிளம்பினால் மட்டும் காட்டுத்தீ அபாயம். மலைப் பாதைகளை மூடிவிடவும் கூடும்.

பீர், சாப்பாடு, நடை மூன்றும் ஒரே நாளில்

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் இங்கே கதை கந்தல், ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம்தான் எல்லை. ஆகவே ரயிலில் போய்வரக்கூடிய ஒரு நாள். நகர மையத்தில், 1915-இல் கட்டிய சான்டா ஃபே நிலையத்தில் கோஸ்டர் ரயிலேறி சொலானா பீச்சில் இறங்க வேண்டும். அங்கிருந்து சான் எலிஹோ காயலோரம் நடந்தால் ஆன்னீஸ் கேன்யன்: மணற்பாறைக்கு நடுவே ஓர் ஆள் உடம்பைச் சாய்த்துக்கொண்டுதான் நுழைய முடிகிற இடுக்கு, முடிவில் ஏணி, மேலே காயலும் கடலும் ஒரே பார்வையில். திரும்பி வந்தால் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அந்தப் பழைய பீட்சா போர்ட். நீள மேசை, முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில், அலைச்சறுக்குப் பலகைகள் சுவரில்.

ஊரைவிட்டு வெளியேறாமலே நடக்க வேண்டுமா? ‘ஏழு பாலங்கள்’ என்று ஒரு சுற்று இருக்கிறது, 8 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நகரத்தைக் கீறிக்கொண்டு ஓடும் பள்ளத்தாக்குகளை ஒவ்வொரு பாலமாகத் தாண்டலாம். 1912-இல் கட்டிய ஸ்ப்ரூஸ் தெருத் தொங்குபாலம் 114 மீட்டர் நீளம். எதிரே நாலு பேர் வந்தால் காலடியில் ஆடும். ஜார்ஜியா தெருப் பாலத்துக்கு வந்துவிட்டால் நார்த் பார்க் எட்டும் தூரம்தான். முப்பதாம் தெருவிலும் யூனிவர்சிட்டி அவென்யூவிலும் டேப்ரூம்களும் டாக்கோ கடைகளும் நடந்தே போகும் இடைவெளியில். 2016-இல் தொடங்கிய நார்த் பார்க் பீர் கம்பெனியில் வெஸ்ட் கோஸ்ட் ஐபிஏ ஒன்று குடித்துவிட்டு, மிச்சத்தைக் கால் போன போக்கில் தேடிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்; நரைத்த தலையாக இருந்தாலும் 21 வயதுக்குச் சான்று கேட்பார்கள். டேப்ரூம்கள் பெரும்பாலும் இரவு ஒன்பது, பத்துக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால், நகர ரயிலான டிராலியின் நீல வழித்தடத்தில் ஏறிக் கடைசி வரை போகலாம். 1981-இல் தொடங்கிய இந்தத் தடம் சான் இசிட்ரோ எல்லைச் சாவடியின் வாசலிலேயே கொண்டுபோய் விடும். இறங்கி நடந்தால் டிஹுவானா. மீன் டாக்கோ பிறந்த மண்ணிலேயே அதைச் சாப்பிடலாம்; அங்கேயும் கிராஃப்ட் பீர் காய்ச்சும் இளைஞர் கூட்டம் ஒன்று வளர்ந்திருக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியருக்கு மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. ஆனால் அந்த அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று கிளம்பும் முன் ஒருதடவை பார்த்துக்கொள்ள வேண்டும். போவது சில நிமிட வேலை. திரும்பும்போது, வார இறுதி மாலை என்றால், வரிசையில் இரண்டு மணி நேரம்கூட நிற்க வேண்டி வரும்; வயிற்றை அங்கேயே நிரப்பிக்கொண்டு வரிசைக்கு வருவது நல்லது.